உங்கள் வீட்டுப் பிள்ளை பைக் ரேஸர் ஆகப்போகிறேன் என்றால்

முதலில் வண்டி வாங்காதீர்கள். இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள், போதும்.

நாங்கள் வாங்கினோம். 2013-ல், அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து, நீல நிற யமஹா ஆர்15. தம்பிக்கு அப்போது 19 வயது. அந்த வண்டி ஒரு நாள்கூடப் பந்தயத்தில் ஓடவில்லை. மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பாவின் மெக்கானிக் பட்டறை வாசலில் இரண்டு வருடம் நின்றது, அப்புறம் பாதி விலைக்குப் போனது. சங்கிலியை மீட்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

நான் ரேஸர் இல்லை. எனக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் ஸ்கூட்டிதான். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் 2015 முதல் 2019 வரை ஐந்து சீசன் தம்பி தேசிய அளவிலான பந்தயங்களில் ஓட்டியபோது, பிட் சுவரில் (டீம்கள் நிற்கிற டிராக் ஓரச் சுவர்) போர்டு பிடித்தது, ஸ்டாப் வாட்ச்சில் நேரம் எடுத்தது, படிவம் நிரப்பியது, செலவு எழுதியது எல்லாம் நான்தான். அந்தப் பேரேட்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தம்பி பட்டமெல்லாம் வாங்கவில்லை, மேடை ஏறியது மூன்று முறை. ஜெயித்தவர்கள் சொல்லும் கதை வேறு மாதிரி இருக்கும். நடுவரிசையில் ஓடியவனின் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நடுவரிசையில்தான் நிற்கப்போகிறார்கள்.

ரோடு ரேஸ் என்றால் ரோட்டில் இல்லை

இந்தப் பெயர்தான் பாதிப் பிள்ளைகளைக் கெடுக்கிறது. மண்ணில், மேட்டில் தாவுவது மோட்டோகிராஸ்; தார்த்தளத்தில் ஓட்டுவது ரோடு ரேஸிங். அவ்வளவுதான் பெயரின் பொருள். ஐல் ஆஃப் மேன் தீவு மாதிரி சில இடங்களில் மட்டும் ஊர்ச் சாலைகளையே அடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள்; அந்தத் தீவில் ஒரு சுற்றே 60 கிலோமீட்டர். அதையும் அரசாங்கமே சாலையை மூடித் தருகிறது. மற்றபடி எல்லாமே மூடிய டிராக்.

எங்கள் ஊர் நத்தம் ரோட்டுப் பாலம் 2023-ல் திறந்தபோது ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னலே இல்லாத நேர்ப்பாதை கிடைத்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே ஓட்டிப் பழகினால் ரேஸர் ஆகிவிடலாம் என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் பொதுச்சாலைப் பந்தயத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. திரும்ப மாட்டினால் ஒரு வருடம், 10,000 வரை போகும். சட்டத்தை விடுங்கள். நேராக முறுக்குவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், பந்தயம் நடப்பது வளைவில். ஒரே வளைவை நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை அடி தள்ளிப் பிரேக் பிடித்துப் பார்க்கிற வேலை அது. எதிரே ஷேர் ஆட்டோ வருகிற ஊரில் அதைப் பழக முடியாது.

டிராக் எங்கே இருக்கிறது

இங்கேதான் மதுரைக்காரர்களுக்கு முதல் இடி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக், சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. அதற்கு முந்தைய காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும், எங்கள் அப்பாவுக்கு அந்தப் பேச்சு எடுத்தால் நிற்காது. இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, இரண்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். வடக்கே கிரேட்டர் நொய்டாவில் புத்தா சர்க்யூட், 5.1 கிலோமீட்டர், 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல் மோட்டோ ஜிபி பந்தயம் (பைக்கில் உச்ச உலகப் போட்டி) அங்கேதான் நடந்தது.

பெயர் தெரிந்த ரேஸர்களைப் பாருங்கள்: ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார், ராஜீவ் சேது, 2011-ல் 125 சிசி உலகப் போட்டியில் ஓட்டிய சரத்குமார், பெண்களில் அலிஷா அப்துல்லா. எல்லோரும் சென்னைக்காரர்கள். திறமை சென்னைத் தண்ணீரில் இல்லை, டிராக் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் காலையில் புறப்பட்டு ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வீட்டில் சாப்பிடுவார்கள். நாம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் விடியற்காலை இறங்கி, ஹெல்மெட் பையோடு பஸ் மாற வேண்டும். வண்டியோடு போவதென்றால் குட்டியானையில் போகவர 900 கிலோமீட்டருக்கு மேல். கோவைக்கு ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி. பாதித் தூரம்கூட இல்லை. பயிற்சிக்குக் கோவை, பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டை என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் செலவு குறையும். எங்களுக்கு அது மூன்றாவது வருடம்தான் உறைத்தது.

எதில் தொடங்குவது

பயிற்சிப் பள்ளியில். ரஜினி கிருஷ்ணன் தன் பெயரிலேயே ஒரு பயிற்சி அகாடமி நடத்துகிறார். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. வேறு சில பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்பு, சிலரிடம் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்: இவர்கள் தரும் சான்றிதழை லைசென்ஸுக்கு ஏற்றுக்கொள்வார்களா?

தம்பி முதல் வகுப்பு முடிந்து வந்த ராத்திரி இட்லியைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அக்கா, இத்தனை வருஷம் நான் முன்சக்கரத்தைப் பாத்துத்தான்க்கா ஓட்டியிருக்கேன்." கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே உள்ளோரத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தொடுவதற்கு முன்பே வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். இவன் பள்ளத்தைப் பார்த்துப் பழகிய மதுரைக் கண்ணை மாற்றவே ஆறு மாதம் ஆனது. அப்புறம்தான் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டபடியே வண்டியைச் சாய்ப்பது, உடம்பை உள்பக்கம் இறக்குவது, ஆக்சிலேட்டரை ஒரே சீராகத் திறப்பது எல்லாம். முழங்கால் தரையில் உரசுவதை போட்டோ எடுத்துப் போடுகிறார்களே, அது கடைசியில் தானாக வருவது. அதை முதலில் தேடுகிறவன் விழுவான்.

எங்கள் நோட்டிலிருந்து ஒரு கணக்கு. முதல் வகுப்பில் தம்பியின் ஒரு லேப், அதாவது டிராக்கை ஒருமுறை சுற்றுவது, 2 நிமிடம் 31 நொடி. முதல் சீசன் முடிவில் 2:14. மூன்றாவது சீசன் முடிவில் 2:07. முதல் 17 நொடி ஒரே வருடத்தில் போனது. அடுத்த ஏழு நொடிக்கு இரண்டு வருடம் பிடித்தது. முன்வரிசைப் பையன்கள் இரண்டு நிமிடத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த மிச்சம்தான் கடைசி வரை எங்களுக்கு வசப்படவில்லை.

லைசென்ஸும் காகிதமும்

ஆர்டிஓ தரும் ஓட்டுநர் உரிமம் வேறு, இது வேறு. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக எஃப்எம்எஸ்சிஐ, தரும் போட்டி லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ், டாக்டர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம், ரத்த வகை, போட்டோ. 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்து. அந்தப் படிவத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து நேர்ந்தால் நடத்துகிறவர்களிடம் இழப்பீடு கேட்க முடியாது என்கிற வரி அதில் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் இன்னும் முக்கியம். வீட்டில் இருக்கும் மெடிக்ளைம் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்கிற பக்கத்தைப் பாருங்கள். அபாய விளையாட்டுகளைத் தொழில்முறையாக ஆடினால் கிடையாது என்று பெரும்பாலும் போட்டிருக்கும். வண்டி இன்ஷூரன்ஸும் பந்தயத்துக்குச் செல்லாது. தனியாக விபத்துக் காப்பீடு எடுக்கும்போது "மோட்டார் பந்தயம்" என்று எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதெல்லாம் ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் நிற்காது.

வண்டி வாங்காமல் எப்படி ஓட்டுவது

ஒன்-மேக் பந்தயம் என்று ஒன்று உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், எல்லோருக்கும் ஒரே மாதிரி தயார் செய்த வண்டி. தேர்வுக்கு வரச் சொல்வார்கள், நேரம் எடுப்பார்கள், தேறியவர்களுக்கு ஓட்ட வண்டியைக் கம்பெனியே தரும். டிவிஎஸ் அப்பாச்சியில் பல வருடமாக இப்படி நடத்துகிறது, பெண்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. (டிவிஎஸ் தொடங்கியது நம் மதுரையில், 1911-ல், என்று தேர்வுக்குப் போனபோது அப்பா அங்கிருந்த எல்லோரிடமும் சொன்னார். அதனால் நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை.) ஹோண்டாவும் இந்திய டேலன்ட் கப் என்று இளையவர்களுக்கு நடத்தியிருக்கிறது. கட்டணம் கட்டும் முன், விழுந்து உடைத்தால் யார் செலவு என்பதைக் கேளுங்கள். முதல் சீசனில் நாங்கள் உடைத்ததற்கு மட்டும் கட்டியது 24,000 ரூபாய்.

அந்த முதல் சீசன் கணக்கை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், 2015 விலைவாசி. உடுப்பு, ஹெல்மெட், பூட்ஸ், கையுறை 82,000. பயிற்சி 31,000. லைசென்ஸ், நுழைவுக் கட்டணம் 58,000. ரயில், லாட்ஜ், சாப்பாடு 41,400. உடைத்தது 24,000. ஆக மொத்தம் 2,36,400. சீசனில் நான்கு ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு பந்தயம், ஒவ்வொன்றும் சுமார் 12 நிமிடம்: 96 நிமிடம். நிமிடத்துக்கு 2,460 ரூபாய். பரிசாக வந்தது 7,000. ஆறு லேப் பந்தயம் என்றால் ஓடுவது 22 கிலோமீட்டர், ஏறக்குறைய பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகிற தூரம். அப்பத்தா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அதுக்கு அவன் திருமங்கலத்துக்கே பஸ்ஸுல போயிட்டு வரலாமேடி" என்றாள்.

2017-ல் ஒன்-மேக்கிலிருந்து 165 சிசி தனிப் பிரிவுக்கு மாறினோம். அப்போதும் வாங்கவில்லை. சின்ன டீம் ஒன்றிடம் சீசன் வாடகைக்கு எடுத்தோம். அப்பாவுக்கு அதுதான் சந்தோஷமான வருடம், ஏனென்றால் வண்டி பட்டறைக்கு வந்தது.

ஸ்க்ரூட்டினி

பந்தயத்துக்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். கண்ணாடி, ஹெட்லைட், சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். சங்கிலியில் விரல் போகாதபடி கீழே ஒரு தடுப்பு, பிரேக் லீவருக்கு ஒரு காப்பு. தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர். கூலன்ட் தாரில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், பின்னால் வருகிற பத்துப் பேர் விழுவார்கள்.

எல்லாவற்றிலும் அதிக வேலை வாங்குவது பூட்டுக் கம்பி. ஆயில் வடிக்கும் போல்ட், ஆயில் மூடி, ஃபில்டர் மூடி, இவையெல்லாம் அதிர்வில் கழன்று வராமல் மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்ட வேண்டும். அதற்கு போல்ட் தலையில் துளை போட வேண்டும். அப்பா ஒன்றரை மில்லி டிரில் பிட்டை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார். கொஞ்சம் சாய்ந்தாலும் பிட் பட்டென்று முறியும். முதல் போல்ட்டுக்கு நான்கு பிட் போனது. துளையில் கம்பியை நுழைத்து, இரண்டு இழையையும் சேர்த்து ஜடை பின்னுகிற மாதிரி முறுக்கி, போல்ட் கழன்று திரும்ப முயன்றால் கம்பி இழுத்து இறுக்குகிற திசையில் மறுமுனையைக் கட்ட வேண்டும். திசை மாறிக் கட்டினால் கம்பி இருந்தும் பயனில்லை. சோதிக்கிறவர் வந்து ஒற்றை விரலால் சுண்டிப் பார்த்தார், அப்பாவை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். அப்பா அன்று சாப்பிடவே இல்லை, டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

உடுப்பு

கடன் வாங்கியாவது நல்லதாக வாங்க வேண்டியது இதுதான். வண்டி இரவல் வாங்கலாம், ஹெல்மெட் இரவல் வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறலே இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும், மறுபடி அது தாங்காது. பழைய ஹெல்மெட்டை யார் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். வார் இரட்டை வளையத்தில் மாட்டுவதாக இருக்கட்டும், 'கிளிக்' பூட்டு உள்ளதைப் பந்தயத்தில் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். எந்தத் தர முத்திரை வேண்டும் என்று அந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சூட் ஒரே துண்டாகத் தோலில் தைத்தது, கீழே முதுகுக் காப்பு. நாங்கள் முதலில் ஒரு சைஸ் பெரிதாக, பழையது, மலிவாக வாங்கினோம். வளரும் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுக்கிற புத்தி. விழும்போது பெரிய சூட்டில் முழங்கைக் காப்பு முழங்கையில் நிற்காது, சுற்றிக்கொண்டு போய்விடும். அவன் விழுந்த முதல் தடவை காப்பு ஒரு பக்கம், தோல் உரிந்தது மறுபக்கம். நின்றால் கொஞ்சம் கூன் போட வைக்கிற, உட்கார்ந்தால் சரியாக இருக்கிற சூட்தான் அளவான சூட். இரண்டாவதை அப்படித்தான் வாங்கினோம். அதுவும் ஒருநாள் வலது தோளில் கிழிந்தது. தெற்கு மாசி வீதியில் தோல் பை தைக்கிற ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு மாடும்மா முட்டுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்துவிட்டு, நூலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

உடம்பு

ஜூன், ஜூலையில் இருங்காட்டுக்கோட்டைத் தாரில் அந்தத் தோலுக்குள் இருந்து பாருங்கள். ஒரு நாளில் இரண்டு கிலோ இறங்கிவிடுவான். தண்ணீர் மட்டும் போதாது, உப்புக் கரைசல் வேண்டும். நாங்கள் கேனில் நீர்மோர் கொண்டுபோவோம், பக்கத்து டீம்காரர்களே வந்து கேட்டுக் குடிப்பார்கள். பிரேக் பிடித்துப் பிடித்து முன்கை இறுகிக் கல்லாகிவிடும், விரல் மூடாது. அதற்கு ஹேண்டிலைப் பிடித்துத் தொங்காமல் தொடையால் டேங்கை இறுக்கப் பழக வேண்டும். ஆகவே தொடை, வயிறு, கழுத்து. ஜிம் அவசியமில்லை. எங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் மைதானம் என்றே ஒன்று இருக்கிறது. குதிரையும் கிடையாது, பைக்கும் கிடையாது. காலை ஐந்தரைக்கு அங்கே ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு சைக்கிள்.

கொடிகளும் போர்டும்

கொடிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். மஞ்சள் ஆடினால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தளம் வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு வா. நீலம், உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான். கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உன் வண்டியில் ஏதோ கோளாறு, உடனே ஓரம் கட்டு. கறுப்போடு உன் எண் வந்தால் உனக்குத் திட்டு காத்திருக்கிறது. மஞ்சளில் முந்தி தண்டனை வாங்குகிறவர்கள்தான் புதுப் பையன்களில் அதிகம்.

போர்டு என் வேலை. நேர்ப்பாதையை ஒட்டிய சுவரின் மேல் நீட்டிக் காட்ட வேண்டும். 'பி' என்றால் எத்தனையாவது இடம், அதன் கீழ் பின்னால் வருகிறவன் எத்தனை நொடி, 'எல்' என்றால் இன்னும் எத்தனை லேப். 150 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 42 மீட்டர். அவன் கண் போர்டில் படுவது ஒரு நொடி, அதுவும் படிக்க முடிந்தால். எண்கள் பெரிதாக, கறுப்பில் மஞ்சள். எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அவன் தேடுவான்.

2016-ல் ஒரு பந்தயம். தம்பி நான்காவது, மூன்றாமவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறான். நான் 'எல் 2' காட்டினேன். உண்மையில் பாக்கி இருந்தது ஒன்று. முந்தைய லேப்பில் யாரோ விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்று எண்ணைக் கழற்ற மறந்துவிட்டேன். கடைசி லேப்பில் கடைசி வளைவுக்கு முன் முந்தலாம் என்று அவன் பொறுமையாக வந்தான். வந்து பார்த்தால் கட்டம் போட்ட கொடி, பந்தயம் முடிந்துவிட்டது. பிட்டுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "அக்கா... எல் டூன்னு காட்டுனியேக்கா" என்றான். அவ்வளவுதான். ரயிலில் விழுப்புரம் வரை பேசவில்லை. விழுப்புரத்தில் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அதற்குப் பிறகு எண்ணைக் கழற்றுவதற்கு முன் வாய்விட்டு எண்ணுவேன், பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தாலும். உங்கள் வீட்டிலிருந்து போர்டு பிடிக்கப் போகிறவருக்கு நான் சொல்வது அது ஒன்றுதான்: வாய்விட்டு எண்ணுங்கள், விழுந்தவனைப் பார்க்காதீர்கள், அது உங்கள் பையனாக இருந்தாலொழிய.

விழுவது

விழுவான். 2017-ல் தம்பிக்குக் காறை எலும்பு உடைந்தது. முன்சக்கரம் வழுக்கி வண்டியோடு சறுக்கிப்போவது பெரும்பாலும் தோலோடு போகும். பின்சக்கரம் வழுக்கி, சட்டென்று பிடித்து ஆளைத் தூக்கி எறிவதுதான் எலும்பை உடைக்கும். இவனுக்கு இரண்டாவது. அப்பத்தா புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அழுதாள். தட்டு வைத்துத் திருகாணி போட்டார்கள். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே சரியாக வந்தும் டாக்டர் இன்னும் நான்கு வாரம் என்றார். தம்பி ஐந்தாவது நாளே கையைத் தூக்கிக் காட்டி நடித்தான். அடுத்த ரவுண்டுக்குக் கட்டிய பணம் போய்விடுமே என்கிற கவலைதான் காரணம். அந்தப் பணத்தைக் கட்டும்போதே போனதாக எழுதிவிடுங்கள். தலையில் அடிபட்டால் எலும்பைவிடப் பொறுமை வேண்டும். தலைவலி, குமட்டல், நடந்தது மறந்துபோவது, எதிலாவது ஒன்று இருந்தாலும் வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்துபோனான். அந்த வாரத்தின் மிச்சப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். நல்ல சூட், நல்ல ஹெல்மெட், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் இருந்தும் இது நடக்கும். அவனியாபுரத்தில் மாடு பிடிக்கப் போகிறவன் வீட்டில் அம்மா எப்படி உட்கார்ந்திருப்பாளோ, அப்படித்தான் எங்கள் அம்மா ஐந்து வருடமும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

ஸ்பான்சர்

பெரிய கம்பெனிகளுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் 61. பதில் வந்தது இரண்டு, இரண்டும் வாழ்த்து. பணம் தந்தது எங்கள் தெருமுனைப் புரோட்டாக்கடை அண்ணாச்சி, அப்புறம் அப்பாவுக்கு ஆயில் போடுகிற கடைக்காரர், ஒரு ஜவுளிக்கடை. ஐயாயிரம், பத்தாயிரம். கேட்கப்போகும்போது ஒரே ஒரு தாள்: யார், எந்தப் பிரிவு, எத்தனை பந்தயம், எவ்வளவு வேண்டும், அவர் பெயர் எங்கே ஒட்டப்படும். பெயரை வண்டியின் வாலில் ஒட்டாதீர்கள். போட்டோக்காரர்கள் வளைவில் முன்பக்கமிருந்துதான் எடுப்பார்கள். முன்கவசத்தின் பக்கவாட்டில் ஒட்டினால்தான் தெரியும். பந்தயம் முடிந்த வாரமே போட்டோவைப் பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அண்ணாச்சி கல்லாவுக்கு மேலே இன்னும் அது தொங்குகிறது. எங்களுக்கு மூன்று வருடம் பணம் தந்ததற்கு அந்தப் பிரேம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிழைப்பு

உலகப் போட்டி வரை போவானா என்று கேட்பார்கள். 2013-ல் ஸ்பெயின்காரர் மார்க் மார்க்கெஸ் மோட்டோ ஜிபி பட்டம் வென்றபோது அவருக்கு வயது 20. நம் பிள்ளை அந்த வயதில் முதல் லைசென்ஸ் எடுக்கிறான். ஸ்பெயினில் பால் பல் விழும் வயதிலேயே குட்டி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். இங்கிருந்து நிஜமாகக் கண்ணுக்குத் தெரிகிற ஏணி: ஒன்-மேக், தேசியப் போட்டி, அங்கே ஜெயித்தால் கம்பெனி டீம், அதற்கு மேல் மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் என்று சுற்றுகிற ஆசிய ரோடு ரேஸிங் போட்டி. கம்பெனி டீமில் சேர்ந்தால்தான் சம்பளம் மாதிரி ஒன்று வரும். அந்த நாற்காலிகளைக் கையால் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். ஆகவே டிப்ளமோவை முடிக்காமல் விடக் கூடாது. தம்பி விடப் பார்த்தான், அப்பா முதல்முறையாகக் கை ஓங்கினார்.

ஆனால் ஓட்டுவது மட்டும் தொழில் இல்லை. வண்டி என்ன செய்கிறது என்பதை வாயால் சரியாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கிறது. "நல்லா இல்ல" என்று சொல்கிறவனை யாருக்கும் வேண்டாம். "மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது பின்பக்கம் இரண்டு தடவை அசைகிறது, டயர் சூடான பிறகுதான்" என்று சொல்கிறவன் வேண்டும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நான் தம்பியை உட்காரவைத்து வளைவு வளைவாகக் கேட்டு எழுதுவேன்: என்ன கியர், எங்கே பிரேக் (தாரில் இருந்த ஒரு கறுப்பு ஒட்டுதான் அடையாளம்), டயரில் காற்று ஓடும் முன் எவ்வளவு, ஓடிய பின் எவ்வளவு. அவனுக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். 2020-ல் ஒரு வண்டிக் கம்பெனியில் டெஸ்ட் ரைடர் வேலைக்கு நேர்காணல் போனபோது கோப்பைகளைக் கொண்டுபோகவில்லை, அந்த நோட்டுகளில் இரண்டைத்தான் கொண்டுபோனான். ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை.

சூட் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டாவதாக வாங்கியது, அளவானது. உயரம் ஐந்தடி ஏழு, மார்பு 38 இருக்கிற பிள்ளைக்குப் பொருந்தும். ஒரு சைஸ் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள், தரமாட்டேன். வலது தோளில் தையல் தெரியும், முதுகுக் காப்பு புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். விலை கிடையாது. முதல் பந்தயத்துக்கு யார் போர்டு பிடிக்கப் போகிறார்களோ, அவரையும் கூடவே அழைத்து வாருங்கள். அவரிடம் ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும்.